நியூயார்க்கா, ஹூஸ்டனா: மகளுக்கு ஒரு கடிதம்

அன்புள்ள அம்மு,

இரண்டு பல் மருத்துவக் கல்லூரிகளும் இடம் கொடுத்துவிட்டன. இனி ஒன்றை விட வேண்டும். ஞாயிற்றுக்கிழமை போனில், "சுற்றி வளைக்காமல் உங்கள் எண்ணத்தைச் சொல்லுங்கள், அப்பா" என்று கேட்டாய். தம்பி அழைத்ததால் பேச்சு பாதியில் நின்றுவிட்டது. இப்போது சொல்கிறேன். நீ ஹூஸ்டனில் சேர வேண்டும் என்று நினைக்கிறேன். காரணத்தை எழுத்தில் வைத்தால், நீ ஆஸ்டினில் உன் அறையில் உட்கார்ந்து நிதானமாகப் படிக்கலாம். மறுக்க வேண்டிய இடத்தில் மறுக்கலாம்.

நியூயார்க் பல்கலைக்கழகத்தின் பல் மருத்துவக் கல்லூரியைக் குறைத்துச் சொல்ல என்னால் முடியாது. 1865-இல் தொடங்கியது, அமெரிக்காவிலேயே மிகப் பெரியது. ஒரு வகுப்பில் முந்நூற்றைம்பது பேருக்கும் மேல் படிக்கிறார்கள். அந்த ஊரின் அத்தனை மொழிக்காரர்களும் அங்கே பல் பார்க்க வருகிறார்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, உடல், மனக் குறைபாடு உள்ளவர்களுக்கென்று 2019-இல் அவர்கள் திறந்த சிகிச்சை மையம். வெளிச்சமும் சத்தமும் தாங்காதவர்களுக்கு அங்கே தனி அறையே இருக்கிறது. அதைப் பற்றிச் சொன்னபோது உன் குரல் மாறியது எனக்குத் தெரிந்தது. நீ இந்தப் படிப்புக்கு வந்ததே தம்பிக்காகத்தானே.

அவனுடைய வாயைத் திறக்க வைப்பது எவ்வளவு பெரிய காரியம் என்பது நம் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். நாற்காலியைப் பார்த்ததும் கத்துவான், துளையிடும் கருவியின் சத்தம் கேட்டால் காதைப் பொத்திக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிடுவான். அவனை அழைத்து வர வேண்டாம் என்று ஒரு கிளினிக்கில் சொன்னபோது நீ பள்ளி மாணவி. கோபத்தில் உன் கண்கள் சிவந்திருந்தன. பிறகு ஓர் அம்மையார் கிடைத்தார். முதலில் வெறுமனே நாற்காலியில் உட்கார வைத்தார், அடுத்த முறை கண்ணாடியை மட்டும் வாயில் வைத்தார், அதற்கடுத்த முறைதான் பல்லைத் தொட்டார். அவன் பற்கள் இன்று அவன் வாயில் இருப்பதற்கு அவர்தான் காரணம். அந்த மாதிரி மருத்துவராக நீ வர வேண்டும் என்றுதான் நானும் ஆசைப்படுகிறேன். ஹூஸ்டன் என்று நான் சொல்வதும் அதற்காகத்தான்.

அவர் அத்தனை பொறுமையாக இருக்க முடிந்ததே, எப்படி என்று யோசித்துப் பார். குணம் ஒரு காரணம். அவசரப்பட வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை என்பது இன்னொரு காரணம். காப்பீட்டில் பணம் வருவது பெரும்பாலும் பல்லில் செய்த வேலைக்கு. ஒரு பையனை நாற்காலிக்குப் பழக்கச் செலவாகும் நேரத்துக்குக் கிடைப்பது அற்பம். வருமானம் குறைந்தவர்களுக்கும் குறைபாடு உள்ளவர்களுக்கும் அரசு தரும் காப்பீடான மெடிக்கெய்டில் வரும் நோயாளி என்றால் அதைவிடக் குறைவு. நம் டெக்சஸிலோ, 21 வயது ஆனதும் மெடிக்கெய்டின் பல் சிகிச்சைப் பலன் பெரும்பாலும் நின்றுவிடுகிறது. தம்பிக்கும் அந்த வயது நெருங்குகிறது. இப்படிப்பட்டவர்களைப் பார்ப்பதையே வாழ்க்கையாக வைத்துக்கொள்ள நினைக்கும் மருத்துவருக்கு மாதாமாதம் பெரிய தவணை இருக்கக் கூடாது.

இப்போது தவணைக் கணக்குக்கு வருகிறேன். நியூயார்க்கில் கட்டணம், கருவிகள், வாடகை, சாப்பாடு எல்லாம் சேர்த்தால் நான்கு ஆண்டுகளுக்கு ஐந்து லட்சம் டாலரைத் தாண்டுகிறது. சென்ற ஆண்டு வரை சேர்ந்தவர்கள் அந்தச் செலவு முழுவதையும் அரசுக் கடனாகவே வாங்க முடிந்தது. கிராட் பிளஸ் என்ற கடன் அதற்கு இருந்தது. 2026 ஜூலை 1 முதல் புதிதாகக் கடன் வாங்குபவர்களுக்கு அது கிடையாது. பல் மருத்துவம் போன்ற தொழிற்படிப்புகளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர், மொத்தம் இரண்டு லட்சம் டாலர் என்று உச்சவரம்பு வைத்துவிட்டார்கள். நீ சேரப்போவது இந்த ஆகஸ்டில். உனக்கு முன்னால் படித்த அக்காக்கள் சொல்லும் கணக்கு உனக்குப் பொருந்தாது என்று நான் திரும்பத் திரும்பச் சொல்வது இதனால்தான்.

ஆக, நியூயார்க் என்றால் குறைந்தது மூன்று லட்சம் டாலரைத் தனியார் வங்கியிடம் கேட்க வேண்டும். எட்டு சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் அதற்கு வட்டி மட்டும் ஆண்டுக்கு 24,000 டாலர், மாதம் 2,000. அசல் அப்படியே இருக்கும். அரசுக் கடன் தனி. இன்னொன்றையும் கவனி. அரசு மருத்துவமனையிலோ லாப நோக்கமற்ற நிறுவனத்திலோ வேலை செய்து 120 மாதத் தவணை கட்டினால் மீதியைத் தள்ளுபடி செய்யும் திட்டம் ஒன்று இருக்கிறது. நீ செய்ய விரும்பும் வேலைக்கு அது மிகவும் பொருந்தும். ஆனால் அது அரசுக் கடனுக்கு மட்டும்தான்; தனியார் கடனில் ஒரு டாலரைக்கூட அது குறைக்காது. அந்தக் கடனோடு வெளியே வருகிறவர்கள் அதிக நோயாளிகள், அதிக வேகம் என்று ஓடும் கிளினிக்குகளில் போய்ச் சேர்வதை நான் குறை சொல்லவில்லை. வேறு வழி இருக்காது. உனக்கும் அந்த நிலை வரக் கூடாது என்பதுதான் என் கவலை.

ஹூஸ்டனில் டெக்சஸ்காரர்களுக்கான குறைந்த கட்டணம். அங்கேயே இருக்கும் நம் வீட்டிலிருந்து போய் வந்தால் ஆண்டுச் செலவு பெரும்பாலும் அந்த 50,000-க்குள் அடங்கிவிடும். மிஞ்சுவதை நானும் அம்மாவும் பார்த்துக்கொள்வோம். தனியார் கடன் என்ற பேச்சே வேண்டாம்.

அதற்காக மலிவான இரண்டாம் தரத்தை உன் தலையில் கட்டுகிறேன் என்று நினைத்துவிடாதே. அது 1905-இல் தொடங்கிய கல்லூரி, இந்த மாநிலத்திலேயே பழையது. ஒரு வகுப்பில் நூறு பேர் அளவில்தான். உனக்குப் பாடம் எடுப்பவர் உன் கையைப் பார்த்தே உன் பிழையைக் கண்டுபிடிக்கும் அளவுக்கு உன்னை அறிந்திருப்பார். பல் மருத்துவத்துக்கு அது பெரிய விஷயம், கைவேலை அல்லவா. உரிமத்துக்கான தேசியத் தேர்வில் இப்போது மதிப்பெண்ணே கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டும்தான். இரண்டு ஊரிலும் கிடைப்பது ஒரே பட்டம். சித்தப்பா தரவரிசை கேட்டார். யூ.எஸ். நியூஸ் இதழ் மற்ற படிப்புகளுக்குப் பட்டியல் போட்டாலும் பல் மருத்துவக் கல்லூரிகளுக்குப் போடுவதில்லை என்று சொல்லிவிட்டேன்.

குறைபாடு உள்ளவர்களுக்குச் சிகிச்சை பார்க்கும் பயிற்சியைப் பொறுத்தவரை நியூயார்க் முன்னால் நிற்கிறது. மறைக்கவில்லை. ஆனால் 2020 முதல் அமெரிக்காவில் எந்தப் பல் மருத்துவக் கல்லூரியும் தன் மாணவர்களுக்கு இதில் திறமை இருப்பதை உறுதி செய்தாக வேண்டும் என்பது அங்கீகார விதி. ஹூஸ்டனும் அதிலிருந்து தப்ப முடியாது. நான்கு ஆண்டுகளுக்குப் பிறகு நீ குழந்தைகள் பல் மருத்துவத்துக்கோ, ஓராண்டுப் பொதுப் பயிற்சிக்கோ விண்ணப்பிப்பாய். மருத்துவமனைகளில் நடக்கும் அப்படிப்பட்ட பயிற்சிகள் பலவற்றில் மாதாமாதம் உதவித்தொகை கொடுக்கிறார்கள். அப்போது நியூயார்க்குக்குப் போ. மயக்க மருந்து கொடுத்துச் செய்யும் சிகிச்சையையெல்லாம் உண்மையில் கற்பது அந்தக் கட்டத்தில்தான். கடன் வாங்கிக்கொண்டு போவதற்குப் பதிலாகச் சம்பளத்தோடு போகலாம்.

நீ வீட்டில் இருப்பாய் என்ற ஆசையால் சொல்கிறேனா என்று உனக்குத் தோன்றும். ஆசை இருக்கிறது. அம்மாவுக்கு இன்னும் அதிகம். அதனால் உன் செலவுக் கணக்கில் வாடகையைச் சேர்த்து, நீ தனியாக ஹூஸ்டன் பல் மருத்துவக் கல்லூரி வட்டாரத்தில் வீடு எடுத்துக்கொண்டால் எவ்வளவு ஆகும் என்றும் போட்டுப் பார்த்தேன். அப்போதும் நியூயார்க்குக்குப் பாதியளவில்தான் நிற்கிறது. ஆகவே தம்பியைப் பார்த்துக்கொள்ள வேண்டுமே என்று நீ ஹூஸ்டனைத் தேர்ந்தெடுக்கக் கூடாது. அவன் எங்கள் பொறுப்பு.

எல்லாவற்றையும் படித்த பிறகும் நியூயார்க்தான் என்று சொன்னால், அந்த வங்கிக் கடனில் உன்னோடு சேர்ந்து நான் கையெழுத்துப் போடுகிறேன். முணுமுணுக்க மாட்டேன். அம்மாவிடமும் பேசிவிட்டேன்.

முடிவு செய்வதற்கு முன் இரண்டு ஊரிலும் இறுதியாண்டு மாணவர்கள் சிலரை அழைத்துப் பேசு. சேர்க்கை அலுவலகத்தார் சொல்வது வேறு, இவர்கள் சொல்வது வேறு. நோயாளிகளை யார் கண்டுபிடித்துத் தருகிறார்கள், கல்லூரியா, மாணவர்களே தேட வேண்டுமா? நோயாளி வராமல் போனால் அந்த நேரம் வீணாகிறதா? முடிக்க வேண்டிய சிகிச்சைகளை முடிக்க முடியாமல் எத்தனை பேர் பட்டம் தள்ளிப்போய் நிற்கிறார்கள்? தம்பியைப் போன்ற நோயாளிகளை நீங்கள் கையால் தொட்டுச் சிகிச்சை செய்தீர்களா, பக்கத்தில் நின்று பார்த்தீர்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு ஹூஸ்டன் மாணவர்கள் சொல்லும் பதில் உனக்குத் திருப்தியாக இல்லையென்றால் என்னிடம் சொல். மறுபடியும் உட்கார்ந்து பேசுவோம்.

வெள்ளிக்கிழமை இரவு தம்பி தூங்கியதும் அழைக்கிறேன்.

அன்புடன்,
அப்பா