தழும்பை மட்டும் குற்றம் சொல்ல வேண்டாம்

அன்புள்ள ஆசிரியருக்கு,

வணக்கம். தண்டுவடக் காயம் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். தண்டுவடம் அடிபட்டவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும் பிசியோதெரபிஸ்ட் நான். பொது வாசகர்களுக்கான இதழில் இதற்கு இத்தனை பக்கம் ஒதுக்கியதற்கு நன்றி. ஆனால் கட்டுரையாளர், நியூரான் என்னும் நரம்புச் செல்களுக்குத் துணை நிற்கும் கிளியா செல்களை ஒரேயடியாக வில்லனாக்கிவிட்டார். காயத்தைச் சுற்றி அவை தழும்பால் சுவர் எழுப்புகின்றன, அதை உடைத்துவிட்டால் நரம்பு தானாக வளரும் என்கிறார். படித்த கையோடு, தழும்பைக் கரைக்கும் ஊசி எப்போது வரும் என்று என்னிடம் வருகிறவர்கள் கேட்கத் தொடங்கிவிட்டார்கள். அதனால்தான் எழுதுகிறேன்.

சுவர் என்று அவர் சொன்னதில் பாதி உண்மை. காயத்தின் விளிம்பில் ஆஸ்ட்ரோசைட் என்னும் கிளியா செல்கள் பெருத்து, நெருக்கமாகப் பின்னித் தழும்பாகின்றன. காண்ட்ராய்டின் சல்பேட் புரோட்டியோகிளைக்கன் என்று வாயில் நுழையாத பெயர் கொண்ட மூலக்கூறுகள் அங்கே குவிகின்றன. வளர்ந்து வரும் ஆக்சான், அதாவது செய்தியைக் கடத்தும் நரம்பு இழை, அவற்றில் பட்டால் நின்றுவிடும். இந்த மூலக்கூறுகளைச் சிதைக்கும் பாக்டீரிய நொதி ஒன்றை, அடிபட்ட எலிகளின் தண்டுவடத்தில் செலுத்திப் பார்த்தது எலிசபெத் பிராட்பரியின் குழு. சில ஆக்சான்கள் வளர்ந்தன, இழந்த அசைவில் கொஞ்சம் திரும்பியது. கட்டுரை இந்த 2002 ஆய்வோடு நின்றுவிட்டது. அதே நொதியை, நடக்க முடியாமல் போன வளர்ப்பு நாய்களுக்குக் கொடுத்துப் பார்த்த ஆய்வு 2018-ல் வெளியானது. பலன் இருந்தது, ஆனால் சுமாரான பலன்தான்.

கட்டுரை தொடாத மறுபாதி இதைவிட முக்கியம். 2004-ல் மைக்கேல் சோஃப்ரோனியூவின் ஆய்வகம், தழும்பு போடும் ஆஸ்ட்ரோசைட்டுகளை மரபணு உத்தியால் சுண்டெலிகளில் அழித்துப் பார்த்தது. சுவர் இல்லையென்றால் காயம் சீக்கிரம் ஆற வேண்டும் அல்லவா? மாறாக அழற்சி பரவியது, நல்ல திசுவும் சேர்ந்து அழிந்தது, லேசான காயத்திலேயே சுண்டெலிகளின் கால் அசைவு மோசமானது. அந்தத் தழும்புதான் சேதத்தை ஓர் எல்லைக்குள் பிடித்து வைத்திருந்திருக்கிறது. அப்புறம் 2016-ல் அதே ஆய்வகம் இன்னொரு படி போனது. தழும்பு உருவாகாமல் தடுத்தார்கள், பழைய தழும்பை நீக்கியும் பார்த்தார்கள். எப்படிச் செய்தும் ஆக்சான் தானாக வளரவில்லை. வளர்ச்சியைத் தூண்டும் புரதங்களைக் கொடுத்தபோது தழும்பின் ஊடாகவே வளர்ந்தது. தழும்பு போடவிடாமல் தடுத்த சுண்டெலிகளிலோ அந்த வளர்ச்சியும் குறைந்துபோனது.

இதை வைத்துத் தழும்பு நல்லது என்று சொல்ல வரவில்லை. எந்த நாளில், எந்த இடத்தில், எந்தச் செல் என்பதைப் பொறுத்து அதே தழும்பு காக்கவும் செய்யும், தடுக்கவும் செய்யும். மைக்ரோகிளியாவும் அப்படியே. தண்டுவடத்தில் குடியிருக்கும் நோய் எதிர்ப்புச் செல்கள் இவை. பிறந்து ஓரிரு நாளே ஆன சுண்டெலியின் தண்டுவடத்தை நசுக்கினால் பெரிய தழும்பு இல்லாமல் ஆறிவிடுகிறது, ஆக்சான்களும் கடந்து வளர்கின்றன. அந்தக் குட்டியின் மைக்ரோகிளியாவை அகற்றிவிட்டால் ஆறுவது கெட்டுப்போகிறது என்று 2020-ல் ஓர் ஆய்வு காட்டியது. வளர்ந்த விலங்கின் மைக்ரோகிளியா இப்படி உதவுவதில்லை. ஏன் என்ற கேள்வியில்தான் இப்போது பல ஆய்வகங்கள் வேலை செய்கின்றன.

ஆலிகோடெண்ட்ரோசைட் என்ற இன்னொரு கிளியா செல்லைக் கட்டுரை ஒரு வரியில் முடித்துவிட்டது. என் வேலையில் அதிகம் நினைத்துப் பார்க்கும் செல் அதுதான். ஒரே செல் பல ஆக்சான்களுக்கு மயலின் என்னும் கொழுப்பு உறை போடுகிறது. அது செத்தால் அறுபடாத ஆக்சானும் உறையை இழந்து, செய்தியைச் சரியாகக் கடத்த முடியாமல் தடுமாறும். இந்தச் சாவு அடிபட்ட கணத்தோடு முடிவதுமில்லை, பல நாட்கள், வாரங்கள் வரை நீள்கிறது. தண்டுவடம் முழுதாகத் துண்டாகாதவர்கள்தான் பலர். எஞ்சிய இழைகளைக் காப்பாற்றுவது என்பதில் இந்த உறையைக் காப்பதும் அடக்கம். 2010-ல் அமெரிக்காவின் ஜெரான் நிறுவனம் கருமூலச் செல்லிலிருந்து உருவாக்கி மனிதர்களுக்குச் செலுத்திய செல்களும் ஆலிகோடெண்ட்ரோசைட்டின் முன்னோடிச் செல்களே. அடுத்த ஆண்டே பணக் காரணத்தால் அவர்கள் சோதனையை நிறுத்தியது வேறு கதை.

நோய்கள் பற்றி ஒன்றுமே இல்லை என்பது இன்னொரு குறை. தண்டுவடத்தை முடக்க விபத்துதான் வேண்டும் என்பதில்லை. நியூரோமயலைட்டிஸ் ஆப்டிக்கா என்ற நோயில் உடலின் எதிர்ப்பொருள், ஆஸ்ட்ரோசைட்டின் மேல் இருக்கும் அக்வாபோரின்-4 என்ற நீர்க்கால்வாய்ப் புரதத்தைத் தாக்குகிறது. கண் நரம்பும் தண்டுவடமும் பாதிக்கப்படும். முதலில் அடி வாங்குவது கிளியா, நியூரான் அடுத்துத்தான். வெகுகாலம் இதை, மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயின் ஒரு வகை என்றே நினைத்தார்கள். 2004-ல் வண்டா லெனன் குழு அந்த எதிர்ப்பொருளைக் கண்டுபிடித்த பிறகு இரத்தப் பரிசோதனையிலேயே பிரித்தறிய முடிகிறது. இந்தப் பிரிப்பு உயிர்போகிற விஷயம். மல்டிபிள் ஸ்கிளிரோசிஸுக்குத் தரும் இன்டர்ஃபெரான் பீட்டா இந்த நோயை மோசமாக்கக்கூடும். 2019 முதல் இதற்கென்றே அங்கீகரிக்கப்பட்ட மருந்துகளும் வந்துவிட்டன. கிளியாவைப் புரிந்துகொண்டதால் நோயாளிக்கு நேரடியாகக் கிடைத்த பலன் இது. தழும்பைக் கரைக்கும் கனவைவிட இதற்கு இடம் ஒதுக்கியிருக்கலாம்.

வலியையும் சொல்ல வேண்டும். நடை வருமா என்பதற்கு அடுத்தபடியாக, சில சமயம் அதற்கு முன்னாலேயே, என்னிடம் வருகிறவர்கள் சொல்வது எரிச்சலையும் குத்தலையும்தான். உணர்ச்சியே இல்லாத காலில் எப்படி வலிக்கும் என்று வீட்டார் நம்பக்கூட மாட்டார்கள். நரம்பு அடிபட்ட பிறகு தண்டுவடத்து மைக்ரோகிளியா கிளர்ந்து, லேசான தொடுதலைக்கூட வலியாக மாற்றுகிறது என்று கசுஹிடே இனோவேயின் குழு 2003-ல் எலிகளில் காட்டியது. அதை அடக்கினால் வலி போய்விடும் என்று நம்பி, விலங்குகளில் பலன் தந்த புரோபென்டோஃபிலின் என்ற மருந்தை, அக்கி வந்து போன பிறகும் வலி நீடித்த மனிதர்களுக்குக் கொடுத்தார்கள். வலி குறையவில்லை. விலங்கில் பலிப்பது மனிதரிடம் பலிக்காமல் போவது இந்தத் துறையில் அடிக்கடி நடக்கிறது. மயலினில் இருந்து ஆக்சான் வளர்ச்சியைத் தடுக்கும் நோகோ-ஏ புரதத்தை முடக்கும் எதிர்ப்பொருளைக் கழுத்துப் பகுதியில் அடிபட்டவர்களிடம் ஐரோப்பாவில் சோதித்து, முடிவை 2024-ல் வெளியிட்டார்கள். மொத்தத்தில் எதிர்பார்த்த பலன் வரவில்லை. தண்டுவடம் முழுதாகச் சேதமாகாத ஒரு பிரிவினரிடம் மட்டும் நம்பிக்கை தரும் அறிகுறிகள் தெரிந்தன.

ஆகவே ஒரு வேண்டுகோள். இப்படிப்பட்ட ஆய்வுகளை எழுதும்போது எலியில் நடந்ததா, மனிதரிடம் நடந்ததா என்பதைத் தலைப்பிலேயே போடுங்கள். நான்காவது பத்தியில் போட்டால் யாரும் அதுவரை வருவதில்லை. நியூரோமயலைட்டிஸ் ஆப்டிக்கா பற்றி ஒரு நரம்பியல் மருத்துவரிடம் தனிக் கட்டுரை கேட்டு வாங்கி வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஒரு பிசியோதெரபிஸ்ட்