வால்நட் இருக்கட்டும், பி12 பார்த்தீர்களா?

அன்புள்ள ஆசிரியருக்கு,

போன இதழில் மூளைக்கு உகந்த உணவு என்று இரண்டு பக்கம் போட்டிருந்தீர்கள். வால்நட், ஆலிவ் எண்ணெய், புளூபெர்ரி எல்லாம் இருந்தது. புளூபெர்ரி கும்பகோணத்தில் எந்தக் கடையில் கிடைக்கும் என்றும் ஒரு வரி சேர்த்திருக்கலாம். சரி, கேலி போதும். அவ்வளவு எழுதியும் வைட்டமின் பி12 என்ற பெயரே வரவில்லை, அதனால்தான் இந்தக் கடிதம்.

என் அம்மாவுக்கு 71 வயது. சைவம், முட்டைகூடத் தொட்டதில்லை. 12 வருடமாக சர்க்கரைக்கு மெட்ஃபார்மின், வயிறு எரிகிறது என்று தினமும் காலையில் ஒரு அசிடிட்டி மாத்திரை வேறு. அப்பா போன பிறகு தனி ஒருத்திக்கு என்ன சமையல் என்று ரசம் சாதம், ஊறுகாய், வரக்காப்பி என்றே நாளை ஓட்டினாள், சளி பிடிக்கிறது என்று பாலையும் நிறுத்திவிட்டாள். இரண்டு வருடத்தில் ஆளே மாறிப்போனாள். அடுப்பில் பருப்பை வைத்துவிட்டு வாசலில் போய் உட்கார்ந்திருப்பாள், பேத்தியின் பெயரை மாற்றிக் கூப்பிடுவாள், ஒன்றுமில்லாததற்கு அழுவாள். செருப்பு கழன்றது கூடத் தெரியவில்லை, பாதம் மரத்துப்போகிறது என்றாள். சர்க்கரைக்காரர்களுக்கு அப்படித்தான் இருக்கும் என்று நாங்களே தீர்ப்பு சொல்லிவிட்டோம். ஒரு மருத்துவர் மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதினார், ரத்தம் எடுக்கச் சொல்லவில்லை. அடுத்தவர்தான் "தினமும் என்னம்மா சாப்பிடுறீங்க?" என்று அவளையே கேட்டுவிட்டு பி12 பார்க்கச் சொன்னார். 118 வந்தது. 200க்குக் கீழே போனாலே குறைபாடுதான்.

அப்புறம் தேடிப் படித்தபோதுதான் எல்லாம் விளங்கியது. பி12 இறைச்சி, மீன், முட்டை, பாலில்தான் இருக்கிறது, கீரையிலோ பருப்பிலோ கிடையாது. சுருள்பாசியில் (ஸ்பைருலினா) இருப்பதாக வாட்ஸப்பில் சுற்றுகிறதே, அதில் உள்ளது பெரும்பாலும் பி12 மாதிரி இருக்கும் வேறொன்று, நம் உடம்புக்கு உதவாது. நாளைக்கு 2.2 மைக்ரோகிராம் போதும் என்கிறது இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐசிஎம்ஆர்), ஒரு டம்ளர் பாலிலேயே கிட்டத்தட்ட பாதி வந்துவிடும், ஆனால் சாப்பாட்டிலிருந்து அதைப் பிரித்தெடுக்க வயிற்று அமிலம் வேண்டும், அசிடிட்டி மாத்திரையோ அந்த அமிலத்தைத்தான் குறைக்கிறது. குடல் அதை உறிஞ்சுவதை மெட்ஃபார்மினும் கெடுக்கிறது, பிரிட்டனின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2022இல் இதைச் சொல்லியே எச்சரித்தது. கல்லீரல் சில வருடத்துக்கான கையிருப்பை வைத்திருப்பதால் உடனே ஒன்றும் தெரியாது. அது தீர்ந்து நரம்பின் மேலுறை கெடத் தொடங்கும்போது நாம் "வயசாயிடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருப்போம்.

சிவப்பு நிறத்தில் ஒரு பி12 ஊசி. முதலில் ஒருநாள் விட்டு ஒருநாள், பிறகு வாரம் ஒன்று, இப்போது மாதம் ஒன்று. மூன்று மாதத்தில் அழுகை நின்றது, பால் கணக்கை நாட்காட்டியில் எழுதி வைக்க ஆரம்பித்தாள் (ஆமாம், பால் வாங்குகிறோம்). கால் மரப்பு மட்டும் முழுசாகப் போகவில்லை, தாமதமாக வந்தீர்கள் என்றார் மருத்துவர். எல்லா மறதிக்கும் இதுதான் காரணம் என்று நான் சொல்லவில்லை, எங்கள் பக்கத்து வீட்டுப் பெரியவருக்கு பி12 சரியாகவே இருந்தது, அவருக்கு வந்தது வேறு நோய்.

நீங்கள் புகழ்ந்திருந்த, கீரை, கொட்டைகள், பெர்ரி, ஆலிவ் எண்ணெய் என்று போகும் 'மைண்ட்' உணவுமுறையை அமெரிக்காவில் 604 முதியவர்களிடம் மூன்று வருடம் சோதித்துப் பார்த்தார்கள். வழக்கமான சாப்பாட்டையே கொஞ்சம் குறைத்துச் சாப்பிட்டவர்களைவிட 'மைண்ட்' முறையில் சாப்பிட்டவர்களின் நினைவாற்றல் குறிப்பிடும்படி மேலாக இல்லை என்று 2023இல் முடிவு வந்தது. அதையும் எழுதியிருக்கலாம்.

அடுத்த இதழின் சர்க்கரை நோய்ப் பகுதியில், மெட்ஃபார்மின் பல வருடமாகச் சாப்பிடுகிறவர்கள் பி12 பார்க்கச் சொல்லி மருத்துவரிடம் கேளுங்கள் என்று அரைப் பக்கம் போடுங்கள். கொஞ்சம் பெரிய எழுத்தில் போடுங்கள், அம்மா கண்ணாடி இல்லாமல்தான் படிப்பாள்.

உங்கள் வாசகி,
கும்பகோணம்