ஈசிஜி தாளின் மூலையில் நேரம் எழுதியவர்களுக்கு

108 வண்டியின் பைலட்டுகளுக்கும் (ஓட்டுநர்கள்) இ.எம்.டி.களுக்கும் (வண்டியில் முதலுதவி பார்ப்பவர்கள்), ஆரம்ப சுகாதார நிலையச் செவிலியர்களுக்கும், தாலுகா ஆஸ்பத்திரி டாக்டர்களுக்கும், ஈசிஜி எடுக்கும் தம்பி தங்கைகளுக்கும், நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவரை உடனே வண்டியில் ஏற்றிய ஊர்க்காரர்களுக்கும்,

வணக்கமுங்க.

கோவைப் பக்கத்து ஆஸ்பத்திரி ஒன்றின் இதயப் பிரிவில், கேத் லேபிலும் (இதய ரத்தக்குழாய் அடைப்பைப் பார்த்துத் திறக்கும் அறை) தீவிர சிகிச்சை வார்டிலும் வேலை செய்பவர்கள் சேர்ந்து எழுதும் மடல் இது. பிழைத்து வீட்டுக்குப் போகிறவர்கள் எங்களைத்தான் கும்பிட்டுவிட்டுப் போகிறார்கள். அந்தக் கும்பிடு முதலில் உங்களுக்கு வந்து சேர வேண்டியது. ஏன் என்று பொதுவாகச் சொல்லாமல் விவரமாகவே எழுதுகிறோம்.

மாரடைப்பு என்ற ஒரே பெயருக்குள் பல நோய்கள் இருக்கின்றன. ஒன்றுக்கு உயிர் காக்கும் மருந்து இன்னொன்றுக்குக் கேடாக முடியும். எது எந்த வகை என்று பிரிக்கும் வேலை பெரும்பாலும் எங்கள் வாசலுக்கு வரும் முன்பே, உங்கள் கையில் நடந்துவிடுகிறது. உங்களிடமிருந்து வரும் தாளைப் பாருங்கள்: பன்னிரண்டு லீடும் (இதயத்தைப் பன்னிரண்டு கோணத்தில் காட்டும் பதிவுகள்) தெளிவாக விழுந்த ஈசிஜி, மூலையில் பால்பாயின்ட் பேனாவில் "வலி ஆரம்பம் 4.10, ஈசிஜி 5.02, மாத்திரை 14 - 5.06, எடை 62" என்று ஒரு வரி. அந்த ஒரு வரியை வைத்து எத்தனை முடிவுகள் எடுக்கிறோம் தெரியுமா?

முதல் வகையை நாங்கள் ஸ்டெமி என்போம். இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய் ஒன்று ரத்தக் கட்டியால் முழுசாக அடைபட்டுவிட்டது என்று அர்த்தம். ஈசிஜியில் பக்கத்துப் பக்கத்து லீடுகள் இரண்டிலாவது எஸ்டி என்ற கோட்டுப் பகுதி 1 மி.மீ. அல்லது அதற்கு மேல் தூக்கி நிற்கும். வி2, வி3 லீடுகளில் இன்னும் கொஞ்சம் கூடுதலாகத் தூக்கியிருந்தால்தான் கணக்கு. இங்கே ட்ரோப்போனின் (இதயத் தசை அடிபட்டால் ரத்தத்தில் ஏறும் பொருள்) ரிசல்ட்டுக்குக் காத்திருக்கவே கூடாது, ஈசிஜி போதும். நோயாளி வந்த 10 நிமிடத்துக்குள் அதை எடுத்து, படம் பிடித்து அனுப்பிவிட்டீர்கள் என்றால், வண்டி அவிநாசி தாண்டும்போதே கேத் லேபில் மேசை தயாராகிவிடும். கண்டுபிடித்ததிலிருந்து 120 நிமிடத்துக்குள் பலூன் வைத்து அடைப்பைத் திறக்க முடியுமென்றால் அதுதான் முதல் வழி.

முடியாது என்றால்? வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு இறங்கவே 40 கொண்டை ஊசி வளைவு; தாளவாடிக்காரருக்குத் திம்பத்தில் 27. அங்கெல்லாம் 120 நிமிடக் கணக்கு கைக்கு எட்டாது. அதனால் கட்டியைக் கரைக்கும் மருந்தை அங்கேயே போட்டுவிட்டு அனுப்புகிறீர்களே, அதற்கு எங்கள் தனி நன்றி. ஸ்ட்ரெப்டோகைனேஸ் என்றால் 15 லட்சம் யூனிட், 30 முதல் 60 நிமிடத்தில் ஏற்ற வேண்டும். மருந்து ஓடும்போது பிரஷர் இறங்கும்; பயந்துபோய் ஒரேயடியாக நிறுத்திவிடாமல், வேகத்தைக் குறைத்து, காலைத் தூக்கி வைத்து, சலைன் கொடுத்துச் சமாளித்திருக்கிறீர்கள். முன்பு ஒருமுறை இதே மருந்து போட்டவருக்கு மறுபடி போடக் கூடாது என்பதால் பழைய சீட்டைக் கேட்டு வாங்கிப் பார்த்திருக்கிறீர்கள். டெனெக்டிபிளேஸ் என்றால் ஒரே ஊசி, ஆனால் அளவு எடையைப் பொறுத்தது: 60 கிலோவுக்குக் கீழே 30 மி.கி., 60 முதல் 70-க்குள் 35, அதற்கு மேல் பத்துக் கிலோவுக்கு 5 கூட, 90-லிருந்து 50. வயது 75 தாண்டினால் பாதி. குத்துமதிப்பாகப் போட்டால் மூளையில் ரத்தக் கசிவு வரும் அபாயம் கூடும். அந்த "எடை 62" என்ற எழுத்துக்கு அவ்வளவு மதிப்பு. ஊசி போட்டதோடு வேலை முடிவதில்லை என்பதும் உங்களுக்குத் தெரியும். 60 முதல் 90 நிமிடத்தில் திரும்ப ஈசிஜி எடுத்து, எஸ்டி பாதிக்குப் பாதியாவது இறங்காவிட்டால் காத்திருக்காமல் அனுப்பிவிடுகிறீர்கள். இறங்கியிருந்தாலும் 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ பார்க்க வேண்டும். வலி நின்றுவிட்டதே என்று வீட்டுக்குக் கிளம்பியவர்களை மடக்கி அனுப்பி வைத்ததும் நீங்கள்தான்.

இந்த ஏற்பாடு செல்லும் என்று நம் மாநிலத்திலேயே நிரூபித்திருக்கிறார்கள். கோவை டாக்டர் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னை டாக்டர் அஜித் முல்லாசரியும் முன்னின்று நடத்திய தமிழ்நாடு ஸ்டெமி திட்டம், சின்ன ஆஸ்பத்திரிகளைப் பெரிய மையங்களோடு இணைத்து 2,420 நோயாளிகளைக் கவனித்தது. ஓராண்டுக்குள் இறந்தவர்களின் விகிதம் 17.6 சதவீதத்திலிருந்து 14.2-க்கு இறங்கியதாக 2017-ல் வெளியான அதன் முடிவு சொல்கிறது. அந்த இறக்கத்தை உண்டாக்கியது மருந்து மட்டுமல்ல. இடையில் நின்ற சின்ன ஆஸ்பத்திரியின் கவனமும் சேர்ந்துதான் என்று நாங்கள் உறுதியாக நம்புகிறோம்.

14 மாத்திரைக்கு வருவோம். 2023-ல் வந்த இதயம் காப்போம் திட்டத்தில் துணை சுகாதார நிலையம் வரை வைத்திருக்கும் பொட்டலம் அது: ஆஸ்பிரின் 150 மி.கி. இரண்டு, குளோபிடோக்ரெல் 75 மி.கி. நான்கு, அட்டர்வாஸ்டாடின் 10 மி.கி. எட்டு. ஆஸ்பிரினை மென்று விழுங்கச் சொல்ல வேண்டும்; அப்படியே முழுங்கினால் வேலை செய்யத் தாமதமாகும். கொடுத்த நேரத்தை எழுதாமல் விட்டால், கொடுத்தாயிற்றா இல்லையா என்று தெரியாமல் நாங்கள் விழிப்போம். மறுபடி கொடுத்தால் ரத்தப்போக்கு, கொடுக்காமல் விட்டால் ஸ்டென்ட் (திறந்த குழாய் மூடாமல் தாங்க உள்ளே வைக்கும் கம்பி வலை) அடைபடும். எழுதி அனுப்பிய ஒவ்வொரு செவிலியருக்கும் நன்றிங்க.

இரண்டாம் வகை என்ஸ்டெமி. குழாய் முழுசாக அடையாமல், பாதி திறந்து பாதி மூடித் தவிக்கும் நிலை. ஈசிஜியில் எஸ்டி இறங்கியிருக்கலாம், டி அலை தலைகீழாகியிருக்கலாம், ஒன்றுமே தெரியாமலும் இருக்கலாம். ட்ரோப்போனின்தான் காட்டிக் கொடுக்கும். இவர்களுக்குக் கட்டி கரைக்கும் மருந்து போடக் கூடாது. பலனில்லை, கெடுதல் உண்டு. "ஏனுங்க, ஊசி வெச்சுக்கிட்டே போடமாட்டீங்கறீங்க" என்று உறவினர்கள் சத்தம் போடும் நேரத்தில், அதைத் தொடாமல், ஹெப்பாரின் அல்லது கிலோவுக்கு 1 மி.கி. கணக்கில் ஈனாக்ஸபாரின் (இரண்டுமே ரத்தம் மேலும் உறையாமல் தடுப்பவை) கொடுத்து அனுப்பிய டாக்டர்களின் உறுதியை எப்படிப் பாராட்டுவது என்று தெரியவில்லை. இவர்களில் ஆபத்து அதிகம் உள்ளவர்களுக்கு 24 மணி நேரத்துக்குள் ஆஞ்சியோ. வலி விடாமல் இருந்தாலோ, பிரஷர் சரிந்தாலோ, துடிப்பு தாறுமாறானாலோ 2 மணி நேரத்துக்குள். இதைவிட ஒரு படி கீழே உள்ளது, ட்ரோப்போனின் ஏறாமல் ஓய்விலேயே வலி வரும் நிலை. அதையும் "ஒண்ணுமில்லை" என்று வீட்டுக்கு அனுப்பக் கூடாது.

லேப் தம்பிகளுக்கு ஒரு வார்த்தை. வலி வந்து ஒரு மணி நேரத்தில் எடுத்த ட்ரோப்போனின் நார்மல் என்றால் அதில் நிம்மதி எதுவும் இல்லை. சாதாரண கிட்டில் ஏற 3 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். முதல் ரிசல்ட்டின் கீழேயே "திரும்ப எடுக்கவும்" என்று எழுதிக் கொடுக்கிறீர்களே, அந்த இரண்டாவது ரத்தப் பரிசோதனையில்தான் பல பேருடைய நோய் பிடிபட்டிருக்கிறது.

இதயத்தின் அடிப்பக்க அடைப்பைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் ஏமாற்றுவது அதுதான். மேல்வயிற்றில் வலி, வாந்தி, வியர்வை. நம் பக்கம் உடனே "வாய்வு புடிச்சிருச்சு" என்று சோடாவும் ஓமத் தண்ணியும் வரும். 2, 3, ஏவிஎஃப் லீடுகளில் எஸ்டி தூக்கியிருந்தால், வலது மார்பில் வி4 லீடை வைத்து இன்னொரு தாள் எடுக்க வேண்டும். வலது கீழறையும் அடிபட்டிருந்தால் நாக்குக்கு அடியில் வைக்கும் சார்பிட்ரேட் மாத்திரை பிரஷரைப் பாதாளத்துக்குத் தள்ளிவிடும். அவர்களுக்குத் தேவை சலைன். "வலது வி4 பார்த்தாச்சு, சார்பிட்ரேட் வைக்கல" என்று எழுதி அனுப்பும் இ.எம்.டி.களின் கையெழுத்தைப் பார்த்தாலே எங்களுக்கு மனசு குளிரும். வி1 முதல் வி3 வரை எஸ்டி இறங்கி மட்டும் இருந்தால், முதுகுப் பக்கம் வி7 முதல் வி9 வரை வைத்துப் பார்த்தவர்களுக்கும் அதே நன்றி. பின்சுவர் ஸ்டெமி அங்கேதான் ஒளிந்திருக்கும்.

இரண்டு கையிலும் பிரஷர் பார்த்தவர்களை மறக்க முடியாது. முதுகைக் கிழிப்பது போல வலி, இரண்டு கைக்கும் 20-க்கு மேல் வித்தியாசம் என்றால் அது மகாதமனி (இதயத்திலிருந்து கிளம்பும் பெரிய ரத்தக்குழாய்) கிழிசலாக இருக்கலாம். அங்கே கட்டி கரைக்கும் மருந்து எமன்.

மூலத்தில் ரத்தம் போய் ஹீமோகுளோபின் 5-க்கு இறங்கியவருக்கும், கடும் காய்ச்சலில் துடிப்பு 150-ல் ஓடுபவருக்கும்கூட ட்ரோப்போனின் ஏறும். குழாயில் கட்டி இல்லை, தேவைக்கு ஏற்ற ஆக்சிஜன் போகவில்லை, அவ்வளவே. மூல காரணத்தைப் பார்க்க வேண்டியதுதான்.

நெஞ்சுவலி என்று வந்தவருக்கு இடுப்பில் "வாய்வு ஊசி" போடாமல் அனுப்பிய கிளினிக்குகளுக்கும் மருந்துக் கடைகளுக்கும் நன்றி சொல்லியாக வேண்டும். தசையில் ஊசி குத்திய பிறகு கட்டி கரைக்கும் மருந்து போட்டால், குத்திய இடத்தில் ரத்தம் கட்டிக் கல்லாக வீங்கும். சில இடங்களில் இன்னமும் போடுகிறார்கள்; அந்த வீக்கத்தோடு வரும் நோயாளிகளைப் பார்க்கிறோம், வேதனையாக இருக்கிறது.

சோமனூர், பள்ளிபாளையம் தறிக்கூடங்களில், திருப்பூர் பனியன் கம்பெனிகளில், சரிந்து விழுந்தவரின் நெஞ்சை அழுத்தியவர்களே, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை, 5 செ.மீ. ஆழம், ஆள் மாற்றி ஆள், ஷாக் கொடுக்கும் மெஷின் வரும்வரை நீங்கள் விடாததால்தான் எங்களுக்கு வைத்தியம் பார்க்க ஒரு ஆள் மிஞ்சினார்.

ஸ்டென்ட் வைத்த பிறகு ஓராண்டுக்கு, ரத்தம் உறையாமல் தடுக்கும் மாத்திரைகள் இரண்டையும் எண்ணி எண்ணிக் கொடுக்கும் வீட்டு அம்மணிகளுக்கும், பல் பிடுங்கும் முன் தாங்களே நிறுத்தச் சொல்லாமல் எங்களைக் கூப்பிட்டுக் கேட்கும் பல் டாக்டர்களுக்கும் நன்றி.

ஒரே ஒரு வேண்டுகோள். ஈசிஜி தாள் வெப்பத்தில் எழுத்து விழும் தாள். வெயில் பட்டால் கறுக்கும், நாளானால் வெளுக்கும். அனுப்பும் முன் ஒரு ஜெராக்ஸ் எடுத்துப் பின்னால் பின் அடித்து விடுங்கள்.

இப்படிக்கு,
இதயப் பிரிவுப் பணியாளர்கள்