எல்லோரையும் கேட்டு முடிவெடுக்கும் நாட்டில் பொறுப்பேற்ற மகளுக்கு

அன்பு மகளுக்கு,

அப்பா எழுதிக்கொள்வது. வைத்தியசாலையில் நீ நோயாளர் விடுதிப் பொறுப்பாளராகிவிட்டாய் என்று அறிந்து வீட்டில் எல்லோருக்கும் பெரும் மகிழ்ச்சி. ஆனால், கடமை நேர அட்டவணையை மாற்றுவதற்குக்கூட அங்கே மூன்று கூட்டம் கூட வேண்டியிருக்கிறது என்றும், எல்லோரையும் கேட்டுக்கொண்டிருந்தால் உன்னைப் பலவீனமானவளாக எண்ணிவிடுவார்களோ என்றும் நீ தொலைபேசியில் கவலைப்பட்டதால் இதை எழுதுகிறேன்.

நீ வாழும் சுவிஸ் நாட்டை 1848 முதல் ஏழு பேர் சமமாக அமர்ந்து ஆள்கிறார்கள். ஜனாதிபதிப் பதவி ஓராண்டுக்கு ஒருவரிடம் இருந்துவிட்டு அடுத்தவருக்குப் போகிறது. அந்த ஆண்டிலும் அவர் மற்ற அறுவருக்கு மேலதிகாரி அல்லர். முடிவொன்று எடுக்கப்பட்டால், உள்ளே அதை எதிர்த்தவரும் வெளியே வந்து அதற்காகவே பேச வேண்டும்.

இங்கே இலங்கையில் 1978இல் நிறைவேற்று அதிகாரம் கொண்ட ஜனாதிபதி முறை வந்தது. ஒருவர் இரு தடவைக்கு மேல் அப்பதவியை வகிக்கக்கூடாது என்ற வரம்பை 2010இல் நீக்கினார்கள்; 2015இல் அதிகாரத்தைக் குறைத்தார்கள்; 2020இல் மீண்டும் கூட்டினார்கள். 2022 யூலையில் மக்கள் ஜனாதிபதி மாளிகைக்குள் புகுந்து ஒருவரை விரட்டினார்கள், ஆனால் அந்தப் பதவி இன்றும் இருக்கிறது. நான் படிப்பித்த பாடசாலையொன்றில் ஆசிரியர் கூட்டத்தில், "அதிபர் சொன்னால் சரிதானே" என்று எல்லோரும் தலையாட்டிவிட்டு, பிறகு சைக்கிள் கொட்டகையில் நின்று அரை மணி நேரம் குறை சொல்வார்கள். பெரியவர் முன் மறுத்துப் பேசுவது மரியாதைக் குறைவு என்று சிறு வயதிலிருந்தே கற்றுக்கொண்டவர்கள் நாட்டையும் அப்படித்தான் ஒருவர் கையில் விட்டுவிடுகிறார்கள்.

ஆயினும், "எங்கள் சனத்துக்குக் கண்டிப்பான ஒரு ஆள்தான் சரி" என்ற பேச்சை நான் ஏற்பதில்லை. சுவிஸ்காரர் பிறவியிலேயே விட்டுக்கொடுப்பவர்களாக இருக்கவில்லை. 1847இல் தங்களுக்குள் போரிட்டார்கள். வென்ற தரப்பு அதன்பின் நாற்பது ஆண்டுகளுக்கு மேலாக ஏழு இடங்களையும் தானே வைத்திருந்தது. 1874இல், கையெழுத்துச் சேர்த்து ஒரு சட்டத்தை மக்கள் வாக்கெடுப்புக்குக் கொண்டுவரும் உரிமை கிடைத்தது. தோற்ற கத்தோலிக்கத் தரப்பு அதைக் கொண்டு சட்டங்களை ஒவ்வொன்றாக வீழ்த்தத் தொடங்கியதும், அவர்களை வெளியே நிறுத்தி ஆள இயலாது என்று வென்றவர்களுக்கு விளங்கிற்று. 1891இல் யோசெப் செம்ப் என்ற கத்தோலிக்கர் அந்த ஏழு பேரில் ஒருவரானார். தடுக்கும் வலிமை மற்றவனிடம் இருந்தபடியால்தான் அவனைக் கேட்கும் பழக்கம் வந்தது. பிறகு அதுவே அவர்களின் பண்பாடாகிவிட்டது. பெண்களைச் சேர்க்க அவர்கள் இன்னும் தாமதித்தார்கள் என்பதையும் நீ அறிந்திருக்க வேண்டும்: தேசிய அளவில் வாக்குரிமை 1971இல்தான், அந்த ஏழு பேரில் முதல் பெண் 1984இல்தான்.

இலங்கைப் பெண்கள் 1931இலேயே வாக்களித்தவர்கள். அதே ஆண்டு பிரித்தானியர் ஆட்சியில் வந்த டொனமூர் யாப்பு என்ற அரசியலமைப்பு, அன்றைய சட்டமன்றமான அரசாங்க சபையை ஏழு நிர்வாகக் குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் தன் தலைவரைத் தெரிவுசெய்ய, அவர்களே அமைச்சராகும்படி செய்தது. பகிர்ந்து ஆளும் ஏற்பாடு நம் கையிலும் இருந்தது, மகளே. ஆனால் 1936இல் பெரும்பான்மையினர் ஏழு குழுக்களிலும் தமக்குப் பெரும்பான்மை அமையும்படி உறுப்பினரைப் பங்கிட்டு, ஏழு அமைச்சர்களையும் சிங்களவராகவே தெரிவுசெய்தார்கள். நமக்குக் குழுக்களில் இடம் இருந்தது, தடுக்க வழி இருக்கவில்லை. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு நெஞ்சு கனக்கிறது.

ஆதலால் அந்த மூன்றாவது கூட்டத்தை நிறுத்திவிடாதே. உன் விடுதியில் இரவுக் கடமையை அதிகம் செய்பவர்களையும், டொச் (ஜேர்மன்) மொழி இன்னும் சரளமாக வராத புதியவர்களையும் முதலில் பேசவிட்டு, உன் கருத்தைக் கடைசியில் சொல். அவர்கள் மறுத்தால் அட்டவணையை உண்மையாகவே திருத்து. முடிவான பின் அது உன் விருப்பத்துக்கு மாறாக இருந்தாலும், மேலிடத்தில் அதற்காக நீயே பேசு. புதிய அட்டவணை எப்படி அமைந்தது என்று அடுத்த முறை விரிவாகச் சொல்.

அன்புடன்,
அப்பா