வி.எச்.எஃப். பேச்சை நம்பிக் கப்பல் ஓட்டலாமா? கடல்சார் பயிற்சி ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆசிரியப் பெருமக்களுக்கு வணக்கம்.

நெரிசலான நீரிணைகளில் பல ஆண்டுகள் வாட்ச் (கப்பலைச் செலுத்தும் கண்காணிப்புப் பணி) பார்த்த கப்பல் அதிகாரி என்ற முறையில், உங்களிடம் பயின்று வரும் இளைஞர்களிடம் நான் அடிக்கடி காணும் ஒரு பழக்கத்தைப் பற்றி எழுதுகிறேன். எதிரே ஒரு கப்பல் தெரிந்தவுடன் அவர்களுடைய கை சுக்கானைத் தேடுவதில்லை, கப்பல்கள் தமக்குள் பேசிக்கொள்ளும் வி.எச்.எஃப். ரேடியோவைத்தான் தேடுகிறது.

எதிரெதிர்த் திசையில் செல்லும் கப்பல்களைத் தனித்தனி வழியில் பிரித்து விடும் போக்குவரத்துப் பிரிப்புத் தடம் முடிந்த இடத்தில், ஓர் இரவில், எங்கள் இளம் அதிகாரி எல்லாக் கப்பல்களும் கேட்கும் பொது அழைப்பு அலைவரிசையான 16-இல் "எனக்கு முன்னால் வரும் கப்பலே" என்று மட்டும் அழைத்தார். பெயரும் இல்லை, நிலைப்புள்ளியும் இல்லை. உடனே பதில் வந்தது. இடப்புறம் திரும்பிக் கடப்பதாகப் பேசி முடித்தார்கள். பதில் சொன்னது வேறொரு கப்பல். எங்களுக்கு நேர் எதிரே வந்ததோ, 1972 ஆம் ஆண்டின் மோதல் தவிர்ப்பு விதிகளில் 14-ஆம் விதி சொல்வதைப் போல வலப்புறம் திரும்பிக்கொண்டிருந்தது. அதன் இடப்பக்கச் சிவப்பு விளக்கைக் கண்டு கேப்டன் சுக்கானை முழுதாக வலப்புறம் திருப்பச் சொன்னதால்தான் தப்பினோம்.

தலா 15 நாட் (மணிக்கு 15 கடல் மைல்) வேகத்தில் எதிரெதிரே வரும் இரு கப்பல்களுக்கு இடையே நிமிடத்துக்கு அரைக் கடல் மைல் குறைகிறது; 6 கடல் மைல் என்பது 12 நிமிடம்தான். அதில் 3 நிமிடத்தைப் பேச்சில் கழித்தால் கால் பங்கு தூரம் போய்விடும். சுற்றியுள்ள கப்பல்களைத் தானாக அடையாளம் காட்டும் ஏ.ஐ.எஸ். கருவியின் திரையில் பெயர் தெரிவதால் ஆள்மாறாட்டம் குறைந்திருக்கலாம், ஆனால் கூப்பிட்டுப் பேசும் ஆசை கூடிவிட்டது. இருவர் பேசி வைத்துக்கொண்ட ஒப்பந்தம் பக்கத்தில் வரும் மூன்றாவது கப்பலுக்குத் தெரியாது, விதியோ மூவருக்கும் தெரியும்.

ரேடியோ வேண்டாம் என்று சொல்லவில்லை. போக்குவரத்துக் கட்டுப்பாட்டு நிலையத்துக்கு நிலை அறிவிக்கவும், எஞ்சின் நின்றுவிட்டதைப் பிறருக்குச் சொல்லவும் அதைவிட நல்ல கருவி இல்லை. அப்போதும் சர்வதேசக் கடல்சார் அமைப்பு 2001-இல் ஏற்ற, கடல் தொடர்புக்கான தர வாசகங்களின்படி, நாம் யார், எங்கே இருக்கிறோம் என்பதை முதலில் சொல்லி, போக்குத் திசையின் எண்களை ஒவ்வொன்றாக உச்சரிக்கப் பழக்குங்கள்.

என் கோரிக்கை ஒன்றே: சிமுலேட்டர் பயிற்சிகளில் ஒன்றையாவது ரேடியோவை அணைத்துவிட்டு நடத்துங்கள். ரேடாரில் பார்க்கும் அடுத்த கப்பலுக்குச் சந்தேகமின்றித் தெரியும் அளவுக்கு, போதிய நேரம் இருக்கும்போதே, ஒரே தடவையில் பெரிதாகத் திரும்பியவருக்கு மதிப்பெண் கொடுங்கள். ஐந்து ஐந்து பாகையாகத் தயங்கித் திரும்பியவரை மறுபடியும் அதே பயிற்சிக்கு அனுப்புங்கள்.

இப்படிக்கு,
ஒரு கப்பல் அதிகாரி