அய்யனாரின் மண் குதிரைகள் தொடர வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காவிரிப் படுகையின் கலையில் குதிரை பெற்றிருக்கும் இடத்தைப் பற்றிப் பேசும்போது நாம் பெரும்பாலும் தாராசுரத்தோடும் திருவரங்கத்தோடும் நின்றுவிடுகிறோம். 12-ஆம் நூற்றாண்டில் இரண்டாம் இராசராசன் எழுப்பிய ஐராவதேசுவரர் கோயிலின் முன்மண்டபம், குதிரைகள் பூட்டிய தேராகவே வடிக்கப்பட்டுள்ளது. அங்கே குதிரை இறைவனின் உலாவைக் குறிக்கிறது. திருவரங்கத்துச் சேஷராயர் மண்டபத் தூண்களில் முன்னங்கால் தூக்கிப் பாயும் குதிரைகளோ அரச ஆற்றலின் அடையாளம். இவை இரண்டும் போற்றத்தக்கவை, பாதுகாப்பும் பெற்றவை. ஊர் எல்லையில் நிற்கும் மண் குதிரையை மட்டும் யாரும் கலையாக எண்ணுவதில்லை.

குதிரை இம்மண்ணில் இயல்பாகப் பெருகிய விலங்கு அன்று. காவிரிப்பூம்பட்டினத்தில் குவிந்த பொருள்களை அடுக்கிச் சொல்லும் பட்டினப்பாலை, 'நீரின் வந்த நிமிர்பரிப் புரவி'யில்தான் தொடங்குகிறது. கடல் கடந்து வந்து, பெரும்பொருள் கொடுத்து அரசர்கள் வாங்கிய அந்த விலங்கை, அதனை ஒருநாளும் வாங்க இயலாத உழவர்கள் குளத்துக் களிமண்ணில் செய்யச் சொல்லி அய்யனாருக்கு நேர்ந்துவிட்டார்கள். இரவில் அவர் அதன்மேல் ஏறி எல்லையைச் சுற்றி வருகிறார் என்பது நம்பிக்கை. படையெடுப்புக்கு உரிய குதிரையை வயலுக்கும் ஊருக்கும் காவலாக மாற்றிய இந்தக் கற்பனைக்கு ஈடாக வேறொன்றை நம் சிற்பக் கலையில் நான் காணவில்லை.

மண்பாண்டக் கலைஞர்களான வேளார்கள் கால்களைக் குழல் குழலாகத் தனியே வனைந்து நிறுத்தி, அவற்றின் மேல் உள்ளீடற்ற உடலையும் கழுத்தையும் ஏற்றி, மணிமாலையும் பல் தெரியத் திறந்த வாயும் கையாலேயே பிடித்துச் சூளையில் சுடுகிறார்கள். மழையிலும் வெயிலிலும் சிதைந்தும் உடைந்தும் பழையது மண்ணாகும்; அடுத்த நேர்த்திக்கடனுக்குப் புதியது வரும். ஆகவே இக்கலையைக் கண்ணாடிப் பெட்டியில் வைத்துக் காப்பாற்ற முடியாது. தொடர்ந்து செய்தால்தான் அது வாழும்.

இன்றோ திருப்பணியின்போது மண் குதிரைகளை அகற்றிவிட்டு, எனாமல் பூசிய சிமெண்ட் குதிரைகளை வைக்கிறார்கள். நீடித்து நிற்க வேண்டும் என்ற ஊராரின் விருப்பத்தை நான் குறை கூறவில்லை. ஆனால், ஒருமுறை சிமெண்ட் குதிரை வந்துவிட்டால் வேளாருக்கு அந்த ஊரில் பிறகு வேலையே இல்லை. திருப்பணிக் குழுவினர் சிமெண்ட் குதிரை வைத்தாலும், ஆண்டுத் திருவிழாவுக்கு ஒரு சோடி மண் குதிரையாவது வேளாரிடம் செய்து வாங்க வேண்டும். கும்பகோணம் அரசு கவின்கலைக் கல்லூரி வேளார்களை அழைத்து மாணவர்களுக்குச் செய்முறையைக் கற்பிக்கச் செய்வதற்கு, கலை பண்பாட்டுத் துறை ஏற்பாடு செய்யுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கும்பகோணம்.