ஹை பவர் எல்இடி வாங்குபவர்களுக்கு, வயரிங் பற்றி ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

1 வாட் எல்இடி கேட்டு வந்தால், எந்த போர்டு, எத்தனை வோல்ட் சப்ளை, சூட்டை இறக்கும் ஹீட்சிங்க் இருக்கிறதா என்று கவுன்ட்டரிலேயே கேட்கிறோம். பாலிடெக்னிக் பிள்ளைகள் ஆனாலும் பந்தலுக்கு லைட் கட்டுபவர்கள் ஆனாலும் இந்தக் கேள்விகளுக்குப் பதில் சொல்லிவிட்டு வாங்குங்கள். போர்டும் எல்இடியும் சேர்ந்து கெட்டுப்போவதைத் தவிர்க்கத்தான் கேட்கிறோம்.

ஆர்டுயினோ ஊனோ என்ற புரோகிராம் போடும் போர்டின் ஒரு பின் நிம்மதியாகத் தருவது 20 மில்லி ஆம்பியர். 40 என்பது தாண்டவே கூடாத எல்லை. 1 வாட் வெள்ளை எல்இடிக்கு வேண்டியதோ 350. ஆகவே பின் கட்டளை மட்டும் கொடுக்கட்டும், கரண்ட் அடாப்டரிலிருந்து வரட்டும். நடுவில் சுவிட்ச் போல வேலை செய்யும் மாஸ்ஃபெட் ஒன்று போதும்.

3 எல்இடிக்கு வேண்டிய சாமான்: 12 வோல்ட் 1 ஆம்பியர் அடாப்டர், ஐஆர்எல்இசட்44என் மாஸ்ஃபெட், 8.2 ஓம் 2 வாட் ரெசிஸ்டர், 220 ஓம் ஒன்று, 10 கிலோ ஓம் ஒன்று. மாஸ்ஃபெட்டுக்கு மூன்று கால்: கட்டளை வாங்கும் கேட், கரண்ட் போகும் டிரெயின், சோர்ஸ். அடாப்டரின் பிளஸ்ஸிலிருந்து 8.2 ஓம், அதன்பின் சீரியஸாக மூன்று எல்இடி, கடைசி எல்இடியின் மைனஸ் மாஸ்ஃபெட்டின் டிரெயினுக்கு. சோர்ஸ் அடாப்டரின் மைனஸுக்கு. போர்டின் 9-ஆம் பின்னிலிருந்து 220 ஓம் வழியாக கேட்டுக்கு. எழுத்து உங்களைப் பார்த்தபடி பிடித்தால் இடமிருந்து கேட், டிரெயின், சோர்ஸ். பின்னாலுள்ள தகடும் டிரெயின்தான். மெட்டல் பெட்டியில் படவிடாதீர்கள்.

10 கிலோ ஓமை கேட்டுக்கும் சோர்ஸுக்கும் இடையே போடுங்கள். போர்டு ஆன் ஆகி புரோகிராம் ஓடத் தொடங்கும்வரை பின் அந்தரத்தில் இருக்கும். இது இல்லாவிட்டால் லைட் தன்னிஷ்டத்துக்கு மின்னும்.

போர்டின் கிரவுண்டையும் அடாப்டரின் மைனஸையும் ஒன்றாக இணைக்க மறந்துவிடுகிறார்கள். "லைட்டே எரியல, மாஸ்ஃபெட் டம்மி பீஸு" என்று வருபவர்கள் முதலில் இந்த வயரைப் பாருங்கள். ஆனால் பிளஸ் இரண்டையும் இணைக்கவே கூடாது. 12 வோல்ட் போர்டின் 5 வோல்ட் பின்னில் ஏறினால் போர்டு அவ்வளவுதான்.

இதே போன்ற இன்னொரு மாஸ்ஃபெட்டான ஐஆர்எஃப்இசட்44என் போட்டால் ஆகாதா என்றால், அதன் கேட் முழுதாகத் திறக்க 10 வோல்ட் வேண்டும். 5 வோல்ட்டில் ஒரு பீஸ் ஓடும், அடுத்தது அரைகுறையாகத் திறந்து சுடும். இஎஸ்பி32 போர்டின் 3.3 வோல்ட்டுக்கு நம்பவே முடியாது. நடுவிலுள்ள 'எல்' எழுத்தைப் பார்த்து வாங்குங்கள்.

8.2 ஓம் எப்படி வந்தது? ஒரு எல்இடியில் சுமார் 3.2 வோல்ட் நிற்கும். மூன்றுக்கு 9.6. மீதி 2.4 வோல்ட்டை 8.2-ஆல் வகுத்தால் 290 மில்லி ஆம்பியர். சூடேறினால் எல்இடியின் வோல்டேஜ் இறங்கும், கரண்ட் ஏறும். அந்த ஏற்றத்துக்கும் இடம்விட்டுத்தான் இந்த மதிப்பு. முழு வெளிச்சத்தில் பத்து நிமிடம் எரியவிட்டு, ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டர் வைத்துப் பாருங்கள். 2.9 வோல்ட்டுக்குள் இருந்தால் சரி.

காசிமேட்டிலிருந்து படகு பேட்டரிக்கு வாங்குபவர்கள் இதே ரெசிஸ்டரைப் போடாதீர்கள். சார்ஜ் ஏறும்போது 12 வோல்ட் பேட்டரி 14.4 வரை போகும். அப்போது எல்இடியில் 585 மில்லி ஆம்பியர் பாயும், ரெசிஸ்டரும் 2.8 வாட் சூட்டில் கருகும். 15 ஓம் 5 வாட் போடுங்கள். வெளிச்சம் குறைந்தாலும் எல்இடி தாக்குப்பிடிக்கும். வெளிச்சமும் ஒரே சீராக வேண்டுமென்றால் கரண்ட்டை ஒரே அளவில் வைக்கும் கான்ஸ்டன்ட் கரண்ட் டிரைவர்தான் வழி. எல்எம்317 ரெகுலேட்டர் ஐசியை வைத்து அதைச் செய்ய நினைப்பவர்களுக்கு: அது தனக்கே 3 வோல்ட் அளவுக்கு எடுத்துக்கொள்ளும், 12 வோல்ட்டில் இரண்டு எல்இடிக்குத்தான் சரிவரும்.

ஹீட்சிங்க் இல்லாமல் "சும்மா டெஸ்ட்" என்று முழு கரண்ட்டில் எரியவிடாதீர்கள். எல்இடி ஒட்டியிருக்கும் ஸ்டார் தகட்டுக்கும் ஹீட்சிங்கின் அலுமினியத்துக்கும் இடையே ஹீட்சிங்க் பேஸ்ட் மெல்லிசாகத் தடவினால் போதும், அப்பினால் சூடு இறங்காது. இந்த மாஸ்ஃபெட்டுக்கு இந்தக் கரண்ட்டில் ஹீட்சிங்க் தேவையில்லை.

ராயபுரம், திருவொற்றியூர் கடலோரத்தில் நிரந்தரமாக மாட்டுவதானால் சால்டர் இல்லாமல் செருகும் பிரெட்போர்டிலும் ஜம்பர் வயரிலும் விட்டுவைக்காதீர்கள். உப்புக்காற்றில் களிம்பு ஏறிக் காண்டாக்ட் விட்டுப்போகும். சால்டர் வைத்து, மேலே ஸ்லீவ் போடுங்கள்.

எரியாத சர்க்யூட்டைக் கடைக்குக் கொண்டுவரும்போது அடாப்டரையும் சேர்த்துக் கொண்டுவாருங்கள். அதன் வோல்டேஜை அளந்துவிட்டுத்தான் மற்றதைப் பார்க்க முடியும்.

அன்புடன்,
கடையினர்
பழைய வண்ணாரப்பேட்டை, சென்னை